சாரணர் படையின் ஆண்டு விழாவுக்குப் போகும் பழைய சாரணர்களுக்கு: முழுமையான வழிகாட்டி

பள்ளியில் சாரணராக இருந்தவர்களுக்கு என்றாவது ஒருநாள் வாட்ஸ்அப்பில் அந்த அழைப்பிதழ் வரும். வெள்ளி விழா, பொன்விழா, பவள விழா என்று ஏதோ ஒன்று. பத்து நிமிடம் மகிழ்ச்சி, அப்புறம் சந்தேகங்கள். என்ன போட்டுக்கொண்டு போவது? யார் வருவார்கள்? வீட்டுக்காரரையோ மனைவியையோ அழைத்துப் போகலாமா? இப்படிப்பட்ட விழாக்களில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

அதிகம் தடுமாறுபவர்கள், இதைப் பழைய மாணவர் சந்திப்பு மாதிரி நினைத்து வருபவர்கள். அங்கே எல்லோரும் ஒரே செட். வந்து உட்கார்ந்தாலே பேச்சு ஓடும். இங்கே ஆறாம் வகுப்புப் பையனும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளரும் ஒரே வளையத்தில் நிற்பார்கள். ஒரு படையில் நான்கு அணிகள், அணிக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர். அதில் உங்களோடு இருந்தவர்கள், இன்றைக்கு ஊரில் இருப்பவர்கள், அந்த ஞாயிற்றுக்கிழமை வர முடிந்தவர்கள் என்று கழித்துக்கொண்டே போனால் மூன்று நான்கு பேர்தான் மிஞ்சுவார்கள். ஆகவே அந்த நாள் நன்றாக அமைவது பெரும்பாலும் முன்கூட்டிச் செய்யும் வேலைகளில்தான் இருக்கிறது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொன்றும் அடுத்ததற்குத் தேவைப்படும்.

1. உங்கள் வருடங்களையும் அணியையும் எழுதி வையுங்கள்

ஒரு துண்டுத் தாளில் நான்கு விஷயங்கள் எழுதுங்கள்: எந்தக் கல்வியாண்டில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள், எந்த அணி, அப்போது சாரண ஆசிரியர் யார். அழைப்பிதழுக்குப் பதில் அனுப்பும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

காரணம் எளிது. விழாக்குழு எல்லோரையும் வருடவாரியாகப் பிரிக்கும். “எண்பதுகளில் இருந்தேன்” என்று சொன்னால் உங்களை எந்த மேசையில் உட்கார வைப்பது, எந்தப் படத்தில் தேடுவது என்று அவர்களுக்குத் தெரியாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள வருடத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் சேர்ந்த வருடம் கிடைத்துவிடும்.

பாதியில் விட்டவர்கள், தந்தைக்கு மாற்றலாகி வேறு ஊர் போனவர்கள், ஒரு பேட்ஜுகூட வாங்காதவர்கள் “நாங்கள் வரலாமா?” என்று தயங்குகிறார்கள். வரலாம். ஒரு வருடம் கயிறு பிடித்திருந்தாலும் நீங்கள் அந்தப் படையின் ஆள்தான். ஆனால் அதை உள்ளபடியே சொல்லுங்கள். ஜனாதிபதி விருது வாங்கியதாக மேடையில் அளந்துவிட்டால், பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க ஒருவராவது அங்கே இருப்பார்.

2. அழைப்பிதழை முழுதாகப் படியுங்கள்

தேதியை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைப் போடாதீர்கள். பார்க்க வேண்டியவை இவை: கொடியேற்றம் எத்தனை மணிக்கு, கேம்ப் ஃபயர் உண்டா, குடும்பத்தோடு வரலாமா, சாப்பாட்டுக்கு எப்போதைக்குள் தலை எண்ணிக்கை சொல்ல வேண்டும், பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது.

தேதியைப் பற்றி ஒரு குறிப்பு. இந்த விழாக்கள் பெரும்பாலும் மூன்று நாள்களை ஒட்டியே வைக்கப்படும். ஒன்று சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் பிறந்த பிப்ரவரி 22. இன்னொன்று பாரத சாரண சாரணியர் இயக்கம் 1950-இல் தொடங்கப்பட்ட நவம்பர் 7. மூன்றாவது, 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் முதல் முகாம் தொடங்கிய ஆகஸ்ட் 1. இப்போது அது உலக ஸ்கார்ஃப் (சாரணர் கழுத்துத் துணி) நாள். பிப்ரவரி என்றால் பொதுத்தேர்வு நெருக்கம், பள்ளி அரை நாளுக்குத்தான் மைதானம் தரும். நவம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை. மைதானம் சேறாக இருக்கும், நிகழ்ச்சி கடைசி நேரத்தில் அரங்கத்துக்குள் மாறலாம். ஆகவே ரயில் டிக்கெட் போடும்போது மாலை வண்டிக்குப் பதில் மறுநாள் காலை வண்டியைப் பாருங்கள். கேம்ப் ஃபயர் உள்ள விழாவில் ஐந்து மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

பணம் தனி நபரின் ஜிபே எண்ணுக்குப் போவதாக இருந்தால், அவர் பெயரையும் ரசீது உண்டா என்பதையும் குழுவிலேயே கேட்டுவிடுங்கள். இது சந்தேகப்படுவது ஆகாது. கணக்கு வைத்திருப்பவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

3. அணியைத் திரட்டுங்கள், தனியாகப் போகாதீர்கள்

இதுதான் முக்கியமான படி. தனியாக வருபவர் என்ன செய்வார் தெரியுமா? வாசலில் பெயர் எழுதுவார், பின் வரிசையில் உட்காருவார், போனை எடுப்பார், பந்தியில் சாப்பிடுவார், போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. பேச ஆள் இல்லை. உங்கள் அணியில் இன்னொருவர் வந்தால் போதும், அந்த நாள் வேறு மாதிரி ஆகிவிடும்.

முதலில் அணித் தலைவரைத் தேடுங்கள். எட்டுப் பேரின் பெயரும் நினைவில் இருப்பது அவருக்குத்தான். தினமும் ஆஜர் எடுத்தவர் அவர். அவர் கிடைக்கவில்லை என்றால், பள்ளிக்குப் பக்கத்திலேயே கடை வைத்திருப்பவர் யாராவது உங்கள் செட்டில் இருப்பார். ஊரை விட்டுப் போகாத அந்த ஒருவர், ஃபேஸ்புக்கைவிட நன்றாகத் தேடித் தருவார்.

போனில் பேசும்போது “வர்றியா?” என்று மட்டும் கேட்டால் “பார்க்கலாம்டா” என்றுதான் பதில் வரும். “காலை ஏழரைக்குப் பள்ளி வாசலில் நிற்பேன், நீ வந்ததும் சேர்ந்து உள்ளே போவோம்” என்று நேரமும் இடமும் சொல்லுங்கள். வர வேண்டியவர் வந்துவிடுவார்.

இந்தத் தேடலில் மறைந்தவர்களின் செய்தியும் வரும். பெரும்பாலான விழாக்களில் மறைந்த சாரணர்கள், ஆசிரியர்களின் பெயர்களை வாசித்து மௌன அஞ்சலி செலுத்துவார்கள். அந்தப் பட்டியலுக்கு ஒரு பெயரைக் கொடுக்கும் முன், குடும்பத்தாரிடமோ அவர் தெருக்காரரிடமோ நேராகக் கேட்டு உறுதி செய்யுங்கள். “யாரோ சொன்னாங்க” என்பது போதாது. உயிரோடு இருப்பவரின் பெயர் அஞ்சலிப் பட்டியலில் வாசிக்கப்பட்டு, அவரே பின் வரிசையிலிருந்து எழுந்து நிற்கும் கூத்து நடக்கத்தான் செய்கிறது. அவர் சிரித்துக்கொண்டே போய்விடலாம். பக்கத்தில் இருக்கும் அவர் மனைவிக்குச் சிரிப்பு வராது.

4. பழைய படங்கள், சான்றிதழ்கள், பதிவேடுகள்

அலமாரிக்கு மேலே இருக்கும் பெட்டியை இரண்டு மூன்று வாரம் முன்பே இறக்குங்கள். தேட வேண்டியவை: முகாம் குழுப் படங்கள், சான்றிதழ்கள், அணியின் பதிவேடு, துணி பேட்ஜுகள், அணிக்கொடி. அணிக்கொடி யாரிடமாவது இருந்தால் விழாக்குழுவுக்கு உடனே சொல்லுங்கள். எல்லோரும் தொட்டுப் பார்க்க ஆசைப்படும் பொருள் அது.

படத்தைப் போனில் எடுப்பதற்கு ஸ்டுடியோ எல்லாம் வேண்டாம். காலை வெளிச்சத்தில், வெயில் நேராக விழாத ஜன்னலோரம், கறுப்புத் துணி மேல் படத்தை வையுங்கள். ஃபிளாஷை அணைத்துவிட்டு, போனைப் படத்துக்கு நேர் மேலே மட்டமாகப் பிடித்து எடுங்கள். சாய்த்துப் பிடித்தால் ஓரத்தில் நிற்பவர்களின் முகம் இழுபட்டுவிடும். பளபளப்புத் தாளில் ஜன்னல் தெரிந்தால் படத்தை லேசாகத் திருப்பிப் பாருங்கள், கை நிழல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பத்தில் இருந்தால் பிய்க்கவே பிய்க்காதீர்கள். பக்கத்தோடு சேர்த்து எடுங்கள்.

அப்புறம் பெயர்கள். பெயர் இல்லாத குழுப் படத்துக்குக் கால் மதிப்புத்தான். படத்தைச் சாதாரணத் தாளில் நகல் எடுத்து, ஒவ்வொரு முகத்தின் மேலும் எண் போட்டு, கீழே பெயர்களை எழுதுங்கள். தெரியாத முகத்துக்கு எதிரே இடம் விடுங்கள். விழாவன்று அந்தத் தாளை மேசையில் பேனாவோடு வைத்தால் நாலு பேர் கூடி நிரப்பிவிடுவார்கள். பேச்சைத் தொடங்கி வைக்க இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை. “இது நான்தான்”, “இல்லை, அது உன் தம்பி” என்று அறுபது வயதுக்காரர்கள் சண்டை போடுவார்கள்.

அசலை யாருக்கும் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். கண்காட்சிக்கு வைக்கிறோம் என்று வாங்கிப் போனது திரும்பி வராமல் மனஸ்தாபமான கதைகள் நிறைய. நகலைக் கொடுங்கள். அசலைத்தான் வைக்க வேண்டும் என்றால் நீங்களே கொண்டுபோய் வைத்து, நீங்களே எடுத்து வாருங்கள்.

5. உடை: யூனிஃபார்ம் வேண்டாம், ஸ்கார்ஃப் போதும்

உற்சாகத்தில் காக்கிச் சட்டை தைத்துக்கொண்டு வருபவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள். யூனிஃபார்ம் இப்போது பதிவு செய்த உறுப்பினர்களுக்கு உரியது. தவிர உங்கள் காலத்துக் காக்கி இப்போது இல்லை. இன்றைய சாரணர்கள் சாம்பல் நிறச் சட்டையும் கருநீலக் கால்சட்டையும் போடுகிறார்கள். சாதாரண வெள்ளைச் சட்டை, கருநீல பேன்ட், கழுத்தில் படையின் ஸ்கார்ஃப், இவ்வளவு போதும். பழைய சாரணியர்களுக்கும் புடவை, சுடிதார் எதுவானாலும் அதன் மேல் ஸ்கார்ஃப். பழைய பேட்ஜுகளைச் சட்டையில் குத்திக்கொள்ளாமல் ஓர் அட்டையில் தைத்துக் கொண்டுவாருங்கள். பிள்ளைகள் கையில் வாங்கிப் பார்க்க அதுதான் வசதி.

ஸ்கார்ஃப் என்ன நிறம் என்று நினைவிலிருந்து முடிவு செய்யாதீர்கள். இடையில் படை நிறத்தை மாற்றியிருக்கலாம். இப்போதைய சாரண ஆசிரியரிடம் கேளுங்கள். விழாக்குழு மொத்தமாகத் தைத்தால் அதையே வாங்குங்கள். நீங்களே தைப்பதானால் ஒரு விஷயம்: பிள்ளைகளின் ஸ்கார்ஃபில் இரு பக்கமும் 70 முதல் 80 சென்டிமீட்டர் வரை இருக்கும். பெரியவர்கள் கழுத்துக்கு அது சிறுத்துப்போகும். கொஞ்சம் கூட்டித் தையுங்கள், இல்லாவிட்டால் முனைகள் வாகிளுக்கு (ஸ்கார்ஃபைக் கழுத்தில் பிடித்து நிறுத்தும் வளையம்) கீழே எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான்.

மடிக்கும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஸ்கார்ஃபை மேசையில் விரித்து, நீளமான விளிம்பிலிருந்து எதிர் முனையை நோக்கி இறுக்கமாகச் சுருட்டுங்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முக்கோணம் மிஞ்சும்போது நிறுத்துங்கள். அது பின்கழுத்துக்குக் கீழே தொங்க வேண்டும். இரண்டு முனைகளையும் வாகிளில் விட்டு மேலே ஏற்றுங்கள். வாகிள் கிடைக்கவில்லை என்றால் மெல்லிய தோல் வார் ஒன்றைச் சுற்றிக் கட்டலாம். ரப்பர் பேண்ட் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.

மாலையில் கேம்ப் ஃபயர் இருந்தால் பருத்தி உடையாகப் பாருங்கள். தீப்பொறி பட்டால் பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

6. ஒரு வாரம் முன்பு கையையும் நாவையும் பழக்குங்கள்

பிள்ளைகள் உங்களிடம் கயிற்றை நீட்டுவார்கள். இது நிச்சயம். “அங்கிள், பௌலைன் போடுங்க” என்பான் ஒருவன். சுற்றிலும் பத்துப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். அந்த இடத்தில் நழுவாமல் இருக்க நான்கு முடிச்சுகள் போதும்: ரீஃப் நாட், ஷீட் பெண்ட், கிளவ் ஹிட்ச், பௌலைன்.

இரண்டு மீட்டர் பருத்திக் கயிறு வாங்கி டி.வி. பார்க்கும்போது போட்டுப் பழகுங்கள். நைலான் கயிறு வழுக்கும், முடிச்சு நிற்காது. பழக அது சரிப்படாது. ரீஃப் நாட்டில் வலது முனை இடதின் மேல், அடுத்து இடது முனை வலதின் மேல். இரண்டு தடவையும் ஒரே பக்கமாகப் போட்டால் கிரானி நாட் ஆகிவிடும். சரியாகப் போட்டது தட்டையாக, சமச்சீராகப் படியும். தப்பானது குறுக்கே முறுக்கிக்கொண்டு நிற்கும். ரீஃப் நாட் கட்டுத்துணி கட்டத்தான். பாரம் தூக்க இரண்டு கயிறுகளை இணைக்க அது உதவாது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் கேட்பார்கள்.

சாரணர் வாக்குறுதியை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஆண்டு விழாக்களில் அதைப் புதுப்பிக்கும் நிகழ்ச்சி அநேகமாக இருக்கும். உங்களுக்கு ஆங்கிலத்தில்தான் வரும், பக்கத்துப் பையன் தமிழில் சொல்வான். எந்த மொழி என்று முன்பே கேட்டு, ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். கடவுள் என்ற இடத்தில் தர்மம் என்று சொல்ல இயக்கமே இடம் தருகிறது. விருப்பப்பட்டவர்கள் அப்படிச் சொல்லலாம். சாரணர் விதிகள் இப்போது ஒன்பது.

விருதுப் பெயர்களையும் தெரிந்துகொள்ளுங்கள். பழையவர்கள் செகண்ட் கிளாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ் என்பார்கள். பிள்ளைகள் பிரவேஷ், பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான், ராஜ்ய புரஸ்கார், ராஷ்டிரபதி என்று படிப்படியாக அடுக்குவார்கள். இந்த வரிசை தெரிந்தால், ஒரு பெண் “ராஜ்ய புரஸ்கார் வாங்கிட்டேன்” என்று சொல்லும்போது அது ஆளுநர் கையெழுத்திட்ட சான்றிதழ் என்று உங்களுக்குப் புரியும். வெறுமனே “குட், குட்” என்று சொல்லி நகர மாட்டீர்கள்.

7. கொடியேற்றத்துக்கு அரை மணி நேரம் முன்பே அங்கே இருங்கள்

எட்டு மணி என்றால் ஏழரை. சிறப்பு விருந்தினர் வரும்போது போனால் போதும் என்று நினைப்பது கல்யாணப் பழக்கம். சாரணர் கொடி சொன்ன நேரத்துக்கு ஏறும், ஏற வேண்டும். பிள்ளைகள் ஆறு மணியிலிருந்து வெயிலேற வெயிலேற நின்றுகொண்டிருப்பார்கள்.

வளையம் குதிரை லாட வடிவில் இருக்கும். திறந்த பக்கத்தில் கொடிமரம். தாமதமாக வந்துவிட்டால் கொடிக்கும் வளையத்துக்கும் நடுவே நடந்து போகாதீர்கள். பின்புறமாகச் சுற்றிப் போய்க் கடைசியில் நில்லுங்கள். கொடி விரியும்போது யூனிஃபார்மில் இருப்பவர்கள் சல்யூட் வைப்பார்கள். உடையில் இல்லாத நீங்கள் நேராக நின்றால் போதும். போனில் வீடியோ எடுக்கக் கையைத் தூக்காதீர்கள். அதற்கு ஒருவரை நியமித்திருப்பார்கள்.

விசில் ஒலியை மறந்துவிடாதீர்கள். நீளமாக ஒன்று என்றால் பேச்சை நிறுத்திக் கவனி. குட்டிக்குட்டியாகத் தொடர்ந்து ஊதினால் ஓடி வந்து கூடு. நீளமாக, மெதுவாகத் தொடர்ந்தால் விலகிப் பரவு. மூன்று குட்டி, ஒரு நீளம் என்றால் அணித் தலைவர்கள் மட்டும் வர வேண்டும். விசில் அடித்த பிறகும் பேசிக்கொண்டே இருப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? பிள்ளைகள் இல்லை, நாம்தான். ஒவ்வொரு விழாவிலும்.

குடும்பத்தை அழைத்து வந்தால் ஒன்றை முன்பே சொல்லி வையுங்கள்: இங்கே இடது கையால் கை குலுக்குவார்கள். தெரியாத ஒருவர் இடது கையை நீட்டினால் உங்கள் அம்மாவோ மாமனாரோ முகம் சுளிக்க வாய்ப்பு உண்டு. ஆனால் பரிசோ பழமோ பொன்னாடையோ கொடுக்கும்போது வழக்கம்போல வலது கை, அல்லது இரண்டு கையும்.

8. சாரண ஆசிரியரைப் பார்க்கும்போது

“என்னை ஞாபகம் இருக்கா சார்?” என்று மட்டும் கேட்காதீர்கள். அவருக்கு எழுபத்தைந்தோ எண்பதோ ஆகியிருக்கும். உங்களை அரும்பு மீசையோடு பார்த்தவர் அவர். இப்போது வழுக்கையும் தொப்பையுமாக நிற்கிறீர்கள். அடுத்தடுத்து நாற்பது பேர் இதே கேள்வியைக் கேட்டால், நாற்பது தடவையும் அவர் சங்கடப்பட்டுச் சிரிக்க வேண்டியிருக்கும். சிலர் இதை ஒரு புதிர் மாதிரியே ஆக்கி, “சொல்லுங்க பார்ப்போம்” என்று நிற்பார்கள். அது மரியாதைக் குறைவு என்றே நான் சொல்வேன்.

எதிரே போய், அவர் கண்ணில் படும்படி கொஞ்சம் குனிந்து, பெயர், வருடம், அணி மூன்றையும் நீங்களே சொல்லுங்கள். கூடவே ஓர் அடையாளம்: “சார், கழுகு அணி, ஏற்காடு முகாமில் உப்புமாவைக் கருக விட்டவன்.” பெயர் வராவிட்டாலும் உப்புமா வந்துவிடும். முதல் படியில் எழுதிய தாள் இங்கேதான் வேலை செய்கிறது.

காது சரியாகக் கேட்காதவர் என்றால் கத்தாதீர்கள். எதிரே நின்று நிதானமாகப் பேசுங்கள். கூட்டமாகச் சூழாதீர்கள். அவரைக் கூட்டி வந்த மகளிடமோ மருமகனிடமோ, மாத்திரை நேரம் எப்போது, எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்று கேட்டு, படம் எடுப்பதை அதற்குள் முடியுங்கள். கைப்பிடி உள்ள நாற்காலி, நிழல், பக்கத்திலேயே கழிப்பறை இந்த மூன்றும் இருக்கிறதா என்று ஒரு பழைய சாரணர் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது. நல்ல பட்டுப் பொன்னாடையைவிட அவருக்கு அது உதவும்.

9. இப்போதைய பிள்ளைகளோடு

விழா அவர்களுடையதும்தான். ஆனால் பல இடங்களில் அவர்களை நாற்காலி போடவும் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கவும் வைத்துவிட்டு, பெரியவர்கள் மேடையில் பேசித் தீர்க்கிறார்கள்.

சேர்ந்து விளையாட ஏதாவது இருந்தால் தயங்காமல் போங்கள். கிம்ஸ் கேம் எல்லா வயதுக்கும் ஏற்றது: தட்டில் இருபது முப்பது பொருள்கள், ஒரு நிமிடம் பார்க்க வேண்டும், மூடியதும் நினைவிலிருந்து எழுத வேண்டும். பன்னிரண்டு வயதுக்காரர்களிடம் தோற்கத் தயாராகப் போங்கள். ஓட்டப்பந்தயமும் கயிறு இழுத்தலும் வேறு கதை. முட்டி, குதிகால், இடுப்பு எதுவும் பழையது இல்லை. ஆசையாக இருந்தால் நடுவராக நில்லுங்கள்.

கட்டாயமாகக் கடைப்பிடிக்க வேண்டியவை சில. பிள்ளைகளைத் தனியாகப் படம் எடுத்துக் குழுக்களில் போடாதீர்கள். போன் எண் வாங்காதீர்கள். தனியாக எங்கும் அழைத்துப் போகாதீர்கள். எதுவானாலும் அவர்களுடைய ஆசிரியர் வழியாகப் பேசுங்கள். பள்ளி வளாகத்தில் சிகரெட், மது கூடவே கூடாது. வெளியே போய்விட்டுத் திரும்பி வருவதும் அதே கணக்கில்தான் சேரும். வாசலில் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னால் “நான் இந்த ஸ்கூல் பழைய ஸ்டூடண்ட்” என்று வாட்ச்மேனிடம் வாதாடாதீர்கள். போட்டுவிட்டுப் போங்கள்.

10. மேடையில் பேசச் சொன்னால்

மூன்று நிமிடம். ஒரே ஒரு சம்பவம். யார், எந்த முகாம், என்ன ஆயிற்று, முடிந்தது. உங்கள் தற்போதைய பதவி, வெளிநாட்டுப் பயணங்கள், “இந்தக் காலத்துப் பசங்க” எதுவும் வேண்டாம். வெயிலில் உட்கார்ந்திருப்பதே அந்த “இந்தக் காலத்துப் பசங்க”தான்.

11. கேம்ப் ஃபயர்

நாளின் நல்ல பகுதி இது. தரையில் உட்கார ஒரு விரிப்பு, ஒரு டார்ச், கொசுவுக்கு ஏதாவது, இவற்றை எடுத்துப் போங்கள். காற்று வீசும் திசையைப் பார்த்து, புகை வராத பக்கம் பெரியவர்களின் நாற்காலிகளைப் போடச் சொல்லுங்கள். முட்டி வலிக்காரர்கள் வெட்கப்படாமல் நாற்காலியில் உட்காருங்கள். தரையில் உட்கார்ந்து பாதியில் எழுந்திருக்க நாலு பேரைப் பிடிப்பதற்கு அது மேல்.

கேம்ப் ஃபயருக்கு ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. தீ உயரமாக எரியும்போது சத்தமான பாட்டு, ஆட்டம், கூத்து; தணியத் தணிய அமைதியான பாட்டு. உங்கள் அணி எதைச் செய்யப் போகிறதோ அதற்கேற்ற நேரத்தை நடத்துபவரிடம் கேட்டு வாங்குங்கள். சிரிப்பு நாடகத்தைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தால் எடுபடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். ஒருவர் வரி சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொல்லும் பாட்டு எப்போதும் எடுபடும். போனில் பாட்டுப் போட்டு மைக்கில் வைப்பது வேண்டாம். ஒருவர் தொடங்கிவிட்டால் இரவு முழுக்க அதுதான் ஓடும்.

கைதட்டலும் இங்கே வேறு. மழைத் தட்டல் நினைவிருக்கிறதா? ஒரு விரலால் உள்ளங்கையில் தட்டத் தொடங்கி, இரண்டு, மூன்று, நான்கு என்று கூட்டி, ஐந்து விரலில் அடைமழை, பிறகு அதே வரிசையில் குறைத்து ஒரு விரலில் நிறுத்துவது. இருட்டில் இருநூறு பேர் சேர்ந்து செய்யும்போது அந்த ஒற்றை விரல் சத்தம் நிஜமாகவே ஓட்டின் மேல் தூறல் விழுவது போலக் கேட்கும். வந்த குடும்பத்தாருக்கும் சொல்லிக் கொடுங்கள், ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

தீயில் காகிதக் கப், பிளாஸ்டிக் தட்டு எதையும் எறியாதீர்கள். முடிந்ததும் தண்ணீரும் மண்ணும் போட்டு அணைக்கும்வரை இரண்டு பேராவது இருங்கள். மேலே கறுத்திருந்தாலும் உள்ளே தணல் இருக்கும். கிளறி, இன்னொரு முறை தண்ணீர் ஊற்றி, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு தெரிகிறதா என்று பாருங்கள். காலையில் அந்த மைதானத்தில் பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடுவார்கள்.

12. படைக்கு என்ன கொடுப்பது

கேடயமும் சுவர்க் கடிகாரமும் வேண்டாம். எல்லாப் பள்ளியிலும் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. இப்போதைய சாரண ஆசிரியரிடம் விழாவுக்கு முன்பே கேளுங்கள். பெரும்பாலும் கூடாரம், கயிறு, முதலுதவிப் பெட்டி, சமையல் பாத்திரம் என்பார். சில பிள்ளைகளுக்கு முகாம் கட்டணமும் பயணச் செலவும்தான் தடை என்பார், கேட்டால்தான் சொல்வார். பணமாகக் கொடுப்பதானால் பள்ளியின் பெயரில் கொடுத்து ரசீது வாங்குங்கள். யாருக்குக் கட்டணம் கட்டினோம் என்று மேடையில் பெயர் சொல்லாதீர்கள்.

பொருளாகக் கொடுப்பதானால் அதை எங்கே வைப்பார்கள் என்றும் கேளுங்கள். பூட்டிய அறை இல்லாத பள்ளிக்கு நான்கு கூடாரம் கொடுத்தால் அடுத்த மழைக்கு நான்கும் பூஞ்சை பிடித்துவிடும். சில சமயம் முதலில் வாங்கித் தர வேண்டியது ஓர் இரும்பு அலமாரிதான்.

13. திரும்பி வந்த வாரம்

ஒரு வாரத்துக்குள் முடிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. தள்ளிப்போட்டால் நடக்காது. எண் போட்ட அந்தப் படத்தாளில் சேர்ந்த பெயர்களைச் சுத்தமாக எழுதி, படத்தோடு விழாக்குழுவுக்கு அனுப்புங்கள். ஒரு நகல் பள்ளி நூலகத்துக்கும் போகட்டும். பாக்கித் தொகை இருந்தால் கட்டுங்கள். சாப்பாட்டுக் கணக்கு இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒருவர் தலையில்தான் விடியும். போன் எண் பட்டியலைக் குழுவுக்கு வெளியே யாருக்கும் அனுப்பாதீர்கள். நிலம் விற்பவர்களும் இன்சூரன்ஸ்காரர்களும் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள், அதில் ஒருவர் உங்கள் செட்டிலேயே இருப்பார்.

வர முடியாமல் போனவர்களுக்கு, முக்கியமாக உடம்பு முடியாமல் இருப்பவர்களுக்கு, வீடியோவை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காமல் போன் செய்யுங்கள். யார் யார் வந்தார்கள் என்று கேட்பார்கள். பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

படையோடு தொடர்ந்து இருக்க ஆசைப்படுபவர்கள் அன்று மேடையில் அறிவித்துவிட்டு வரத் தேவையில்லை. சாரண ஆசிரியரை ஒரு சாதாரண வகுப்பு நாளில் போய்ப் பாருங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை முடிச்சோ முதலுதவியோ சொல்லித் தருகிறேன் என்று கேளுங்கள். அவர் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கியாக வேண்டும், அதற்குச் சில வாரம் ஆகும். அனுமதி வந்ததும் முதல் சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டு, அரை மணி முன்னாடி போய்விடுங்கள்.